படக்கதையைப் பிடுங்காதீர்கள்!

பையன் ஒரு படக்கதையை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறான். அப்பா பார்க்கிறார். "பாடத்தைப் படிடா என்றால் பொம்மையா பார்க்கிறாய்?" என்று பிடுங்குகிறார். மறுநாள் அது பழைய பேப்பர் கடைக்குப் போகிறது.

கொருக்குப்பேட்டையில் இது நடக்கிறது. தண்டையார்பேட்டையிலும், திருவொற்றியூரிலும் நடக்கிறது. அப்பா நல்லவர்தான். துறைமுகத்திலோ சரக்கு ரயில் நிற்கும் இடத்திலோ மூட்டை தூக்குகிறவர். பிள்ளையாவது படித்து முன்னுக்கு வரட்டும் என்று நினைக்கிறவர். ஆனால் இந்த ஒரு காரியத்தில் அவர் செய்வது தவறு. பையன் அப்போது படித்துக்கொண்டுதான் இருந்தான்.

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரின் கஷ்டம் படித்தவர்களுக்கு மறந்து போய்விடுகிறது. ஒரு நீளமான வாக்கியம். அதன் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து! இரண்டு பக்கம் இப்படிப் போராடினால் புத்தகத்தை மூடி வைக்கத் தோன்றும். மூடி வைத்தவர் மறுபடி திறப்பது அபூர்வம். கற்ற எழுத்தும் சில வருஷத்தில் மறந்துவிடும்.

படக்கதையில் அந்தக் கஷ்டம் பாதியாகக் குறைகிறது. பேசுகிறவன் வாயிலிருந்து ஒரு கூண்டு கிளம்புகிறது. அதற்குள் நாலைந்து சொற்கள். "ஓடு! பாலம் வெடிக்கப் போகிறது!" என்று இருக்கும். "வெடிக்க" என்ற சொல் தடுக்கினாலும் பரவாயில்லை. படத்தில் பாலத்தின் அடியில் வெடிகுண்டு இருக்கிறது! படம் சொல்லைக் காட்டிக் கொடுக்கிறது. அடுத்த கட்டத்தில் என்ன ஆகும் என்ற துடிப்பு, கண்ணை இழுத்துக்கொண்டு போகிறது.

தினம் மூன்று படம்

தமிழ்நாட்டில் இதற்குச் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. "தினத்தந்தி"யில் 1960-ல் "கன்னித்தீவு" தொடங்கியது. தினமும் சில சிறிய படங்கள், சிந்துபாத், கொஞ்சம் எழுத்து. அறுபது ஆண்டு கடந்தும் சிந்துபாத்தின் பயணம் முடியவில்லை. முடியாமல் இழுக்கும் கோர்ட்டு வழக்கை "கன்னித்தீவு மாதிரி" என்று இன்றும் சொல்லுகிறோம் அல்லவா? டீக்கடையில் முதலில் அந்தப் படத்தைப் பார்த்து, பிறகு பக்கத்துச் செய்தியைக் கூட்டிப் படித்தவர்கள் எத்தனையோ பேர்.

சரி, புதிதாகப் படிப்பவர் எந்தப் படக்கதையில் தொடங்கலாம்?

என்னைக் கேட்டால், இரும்புக்கை மாயாவி.

1972-ல் சிவகாசியில் "முத்து காமிக்ஸ்" பிறந்தபோது முதல் இதழே அவர் கதைதான். அவர் பிறந்த நாடு இங்கிலாந்து. 1962-ல் அங்கே ஒரு வாரப் பத்திரிகையில் தோன்றினார். முதலில் படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ. கதை எளிது. சோதனைச்சாலையில் ஒரு விபத்து. வேலை செய்தவருக்கு வலது கை போய்விடுகிறது. இரும்பில் கை பொருத்துகிறார்கள். உடலில் மின்சாரம் பாய்ந்ததும் அவர் மாயமாய் மறைந்துவிடுகிறார். அந்த இரும்புக் கை மட்டும் மறைவதில்லை! அது தனியே அந்தரத்தில் வருகிறது, கதவைத் திறக்கிறது, கயவனின் கழுத்தைப் பிடிக்கிறது. தொழிற்சாலையும் கிரேனும் நிறைந்த வடசென்னையில், ஆள் தெரியாமல் கை மட்டும் வேலை செய்யும் கதையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. "மாயாவி" என்று கடையில் கேட்டால் வேறு ஆள் வந்துவிடுவார்! 1984 முதல் 2005 வரை வந்த "ராணி காமிக்ஸ்" இதழில், காட்டில் முகமூடியோடு திரியும் வீரருக்கு மாயாவி என்று பெயர். அவரையே முத்து காமிக்ஸில் வேதாளர் என்றார்கள். 1936-ல் அமெரிக்கர் லீ பாக் படைத்தவர் இவர். கதை விறுவிறுப்புதான். ஆனால் வெள்ளைக்காரர் ஒருவர் காட்டு மக்களுக்கெல்லாம் காவலராக இருப்பதும், அவர்கள் கைகட்டி நிற்பதும் இன்று உறுத்துகிறது. பிள்ளையிடம் கொடுக்கும்போது இதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுங்கள். பேசுவதற்கு விஷயம் கிடைத்தால் நல்லதுதானே!

சூப்பர்மேன் விலை 130 டாலர்

பறக்கும் வீரர்களுக்கெல்லாம் மூத்தவர் சூப்பர்மேன். அவரை 1938-ல் உலகுக்குக் கொண்டு வந்தவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு ஏழை இளைஞர்கள். பத்திரிகைக் கம்பெனிக்கு 130 டாலருக்கு உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கம்பெனி கோடி கோடியாய்ச் சம்பாதித்தது. படைத்தவர்கள் கோர்ட்டுக்கு நடந்தார்கள்; தோற்றார்கள். 1975-ல்தான் ஊரறிய முறையிட்டு, ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் பென்ஷன் பெற்றார்கள். உலகையே காக்கும் வீரனால் தன்னைப் படைத்தவர்களைக் காக்க முடியவில்லை!

அந்த சீகல்தான் பிற்பாடு இங்கிலாந்துப் பத்திரிகைக்காக "ஸ்பைடர்" கதைகளை எழுதினார். கூர்மண்டை ஸ்பைடர் என்று நம் ஊர் வாசகர்கள் கொண்டாடினார்களே, அவர்தான். கொள்ளைக்காரனாகத் தொடங்கி நல்லவனாக மாறியவர். இவரைத் தமிழில் தந்தது 1984-ல் தொடங்கிய "லயன் காமிக்ஸ்". சிலந்தி மனிதன் வேறு; இவர் வேறு.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரிக்க வேண்டுமானால் லக்கி லூக். பெல்ஜிய நாட்டுக் கார்ட்டூன். துப்பாக்கிச் சண்டை நிறைய உண்டு. ஆனாலும் பாட்டிகூடப் பார்க்கலாம்.

படக்கதை என்றால் சண்டை மட்டும்தானா என்று தாய்மார்கள் கேட்பார்கள். இல்லை. 2011-ல் வெளிவந்த "பீமாயணம்" அம்பேத்கரின் வாழ்க்கையைப் படத்தில் சொல்லுகிறது. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு பழங்குடித் தம்பதி. பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிக்க முடியாமல் தவித்த சிறுவன் பீமின் தாகத்தை அவர்கள் வரைந்திருக்கும் விதம் வேறு! கட்டம் போட்டு வரையவில்லை. மீனும் மயிலுமாகப் பக்கம் முழுவதும் ஓடுகிறது. பெரியவர்களும் படிக்க வேண்டிய புத்தகம். மாயாவி இரண்டு, ஸ்பைடர் இரண்டு படித்து முடித்தவர் தாராளமாக இதற்கு வரலாம்.

காசுக்கு என்ன செய்வது?

உண்மையான கஷ்டம் இங்கேதான் இருக்கிறது. ஒரு காலத்தில் பெட்டிக்கடையில் சில்லறைக் காசுக்குப் படக்கதை தொங்கியது. மூர் மார்க்கெட்டில் அதைவிட மலிவாக, பழையது கிடைத்தது. 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தது. இன்று லயன், முத்து இதழ்கள் நல்ல காகிதத்தில், வண்ணத்தில் வருகின்றன. பெரும்பாலும் சந்தா கட்டியோ, புத்தகக் கண்காட்சியிலோ வாங்க வேண்டும். பெரிய தொகுப்பு என்றால் சில நூறு ரூபாய். சின்ன வயதில் படித்த பெரியவர்கள் ஆசையோடு வாங்குகிறார்கள். புதிதாகப் படிக்கத் தொடங்கும் பிள்ளையின் கைக்குத்தான் அது எட்டவில்லை.

ஆகவே கிளை நூலகங்கள் படக்கதைகளை வாங்க வேண்டும். கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்காமல் வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். கிழியும், கிழியட்டும். 2022-ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயதுக்கு மேற்பட்டவர்கள் எழுத்துக் கற்கிறார்கள். நாற்பது வயதில் "அ, ஆ" எழுதிய ஓர் அம்மாவுக்கு அடுத்து என்ன படிக்கக் கொடுக்கப் போகிறோம்? அரிச்சுவடியையே திரும்பத் திரும்பப் படிப்பாரா?

அதுவரை நம்மால் ஆனது ஒன்று உண்டு. தீபாவளிச் சீட்டுப் பிடிக்கத் தெரியாத தெரு இந்தப் பக்கத்தில் இல்லை. பத்து வீடு சேர்ந்து மாதம் ஆளுக்கு 30 ரூபாய் போட்டால் ஒரு புத்தகம் வாங்கலாம். வீட்டுக்கு மூன்று நாள் என்று சுற்றி வரட்டும். ஜனவரியில் நந்தனம் புத்தகக் கண்காட்சிக்குப் போகிறவரிடம் சீட்டுப் பணத்தைக் கொடுத்தனுப்புங்கள். இரும்புக்கை மாயாவி கிடைத்தால் முதலில் அதை வாங்கச் சொல்லுங்கள்.