பிரிக்க முடியாத பெட்டியை விற்கலாமா?

முன்பு டார்ச் லைட்டும் பாட்டரியும் தொங்கிய கொக்கியில் இன்று கம்பியில்லா இயர்பட்ஸ் தொங்குகிறது. மளிகையில் கிடைக்காத லாபம் இதில் நிற்பதால் நம்மில் பலரும் வாங்கி வைக்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் சரக்கின் குறையையும் அறிந்து விற்பதே வணிகருக்கு அழகு.

இயர்பட்ஸைச் சார்ஜ் செய்யும் பெட்டி கெட்டால், காதில் வைக்கும் இரண்டும் நன்றாக இருந்தும் பயனில்லை. பெட்டிக்குள் இருக்கும் சிறிய லித்தியம் பாட்டரி நாளடைவில் வலுவிழப்பது இயற்கை. டார்ச் லைட்டில் பாட்டரி மாற்றினோம். இங்கோ பெரும்பாலான பெட்டிகளைப் பசையிட்டு ஒட்டிவிடுகிறார்கள். நெம்பித் திறந்தால் பிளாஸ்டிக் உடையும். பாட்டரியில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கவும் கூடும். ஆகவே ஒரு சிறு பாட்டரிக்காக முழுப் பொருளும் குப்பைக்குப் போகிறது. வாடிக்கையாளரோ கம்பெனியைத் தேடிப் போவதில்லை. நம் கல்லாவின் முன்தான் வந்து நிற்கிறார்.

மாற்றத்தக்க பெட்டி செய்ய முடியாததா? நெதர்லாந்தின் ஃபேர்போன் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட இயர்பட்ஸில், பெட்டியின் பாட்டரியையும் காதுப் பகுதிகளின் பாட்டரியையும் மாற்றலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு பாட்டரி விதிகளின்படி, சில விலக்குகள் நீங்கலாக, கையடக்கச் சாதனங்களின் பாட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும் வசதி 2027 பிப்ரவரி 18 முதல் கட்டாயம். நம் மத்திய நுகர்வோர் துறை 2022-இல் பழுது பார்க்கும் உரிமைக்கென இணையதளம் தொடங்கியது. அது விவரம் தரும் தளமே தவிர, தயாரிப்பாளரைக் கட்டாயப்படுத்தும் சட்டமல்ல.

இன்னொன்றையும் வணிகர்கள் கவனிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்து, அதைத் தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால், விற்றவர் பொறுப்பேற்க நேரிடும். பெயரில்லாத சரக்கை பில் இல்லாமல் வாங்குவது, சில ரூபாய் லாபத்துக்காக வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

எனவே கொள்முதலின்போதே விநியோகஸ்தரிடம் மூன்று கேள்விகள் கேட்போம். பெட்டி மட்டும் தனியாகக் கிடைக்குமா? பாட்டரி மாற்றித் தரும் இடம் எங்கே? உத்தரவாதக் காலத்தில் கெட்டதைத் திரும்ப எடுப்பவர் யார்? பதில் இல்லாத சரக்கைத் தவிர்ப்போம். ஒரு கடைக்காரர் கேட்டால் ஏஜென்ட் சிரித்துவிட்டுப் போவார். கடைவீதி முழுவதும் கேட்டால் கம்பெனி பதில் சொல்லியே தீரவேண்டும். இதற்குச் சங்கம் முன்நின்று ஆவன செய்ய வேண்டுகிறோம்.