இல்லாளும் இல்லமும்

இல்லத்தை ஆள்பவள் என்னும் பொருளில் மனைவியை 'இல்லாள்' என்று அழைத்தது தமிழ். அதன் ஆண்பாலாகத் தோன்றும் 'இல்லான்' என்னும் சொல்லோ வறியவனையே குறிக்கிறது. சொல் அளித்த ஆட்சியைப் பெண்ணுக்கு வாழ்க்கை அளித்ததா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்கள் படைத்த புதினங்கள் இவ்வினாவை எழுப்பின.

இங்கிலாந்தில் 1813இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' புதினத்தில், தந்தைக்குப்பின் வீடு ஐந்து மகள்களுக்கு உரியதாவதில்லை. ஆண் உறவினர் ஒருவருக்கே சேர வேண்டியதாகிறது. சென்னை மாகாணத்தில் அதே வினாவைத் தொடுத்தவர் கிருபாபாய் சத்தியநாதன் (1862–1894). அகமதுநகரில் பிறந்த அவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, உடல்நலக் குறைவால் படிப்பைக் கைவிட்டவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'கமலா' புதினத்தில், கணவன் கணேஷ் தன் இளம் மனைவிக்குக் கல்வி புகட்ட முற்படுகிறான். புகுந்த வீட்டுப் பெண்களுக்கு அது பொறுக்கவில்லை. பின்னாளில் கைம்பெண்ணான கமலா, மறுமணத்தை மறுத்துத் தன் செல்வத்தை ஆதரவற்றோர்க்குச் செலவிடுகிறாள்.

இதனை மாமியார் மருமகள் பூசல் என்று ஒதுக்குவது பிழை. மாமியாரும் ஒருகாலத்தில் மருமகளாய் வந்தவரே. அவரது அதிகாரம் குடும்ப அமைப்பிடமிருந்து இரவலாகப் பெற்றது. மருமகள் கையில் புத்தகம் ஏறினால் அவ்விரவல் பறிபோகும் என அவர் அஞ்சுகிறார். ஆகவே, அடுக்களையில் ஒரு புத்தகத்திற்காக நிகழும் போராட்டமும் அரசியலே.

அப்போராட்டம் முடிந்துவிட்டதா? 1956இல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்தை ஒட்டி வளர்ந்தது நெய்வேலி நகரியம். அங்கு வட்டந்தோறும் அமைந்த குடியிருப்புகள் பணியாளர் பெயரில் ஒதுக்கப்படுகின்றன. கணவர் ஓய்வுபெறும் நாளில், முற்றத்தில் முருங்கை வளர்த்த மனைவியும் வீட்டை விட்டு நீங்குகிறார்; ஒதுக்கீட்டு ஆணையில் அவர் பெயர் இருந்ததில்லை. பெண்ணே பணியாளராகி, ஆணை அவர் பெயரில் அமைந்த வீட்டிலும் அடுக்களை யார் பொறுப்பு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் நிகரான உரிமை உண்டெனத் தமிழ்நாடு 1989இல் சட்டம் இயற்றியது. அது இன்றியமையாதது, ஆயினும் போதுமானதன்று. புத்தகக் கண்காட்சிக்குப் பெயர்பெற்ற நெய்வேலியில், வாங்கிய நூலை வீட்டில் விரித்துப் படிக்க யாருக்கு நேரம் வாய்க்கிறது? ஆவணத்தில் பெயரும் அன்றாடத்தில் ஓய்வும் ஒருங்கே வாய்க்கும்போதுதான் 'இல்லாள்' என்னும் சொல் மெய்யாகும். அதற்கு வீட்டுப்பணி வீட்டிலுள்ள அனைவர்க்கும் பொதுவாக வேண்டும்.