தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் அல்ல

புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். வேதியியல் ஆசிரியர் இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் வைத்து, ஒன்றில் மணலும் மற்றதில் உப்பும் போட்டுக் கலக்கினார். மணல் கலந்தது 'எத்தெரோஜேன்', உப்பு கரைந்தது 'ஓமோஜேன்' என்றார். என் பேரனுடைய பாடநூலில் இவை பலபடித்தான கலவை, ஒருபடித்தான கலவை. பெயர் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான். முதலாவதில் கலந்தது கண்ணுக்குத் தெரியும், துணியில் வடிகட்டலாம். இரண்டாவதில் மேல்துளியும் அடித்துளியும் ஒன்றே. எந்தத் துணிக்கும் அகப்படாது.

இந்தப் பாடத்தை இப்போது நினைவுபடுத்துவது நம் வட்டாரத் தண்ணீர்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. மீனவர்கள் படகில் போய் வாளியால் அள்ளினார்கள். எண்ணெய் மேலே மிதந்ததால் அள்ளவும் முடிந்தது, ஊரே பார்த்துக் கோபப்படவும் முடிந்தது.

மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததில் பல வருடங்களாகக் கடல்நீர் உள்ளே புகுந்திருக்கிறதே, அதற்காக யார் கோபப்பட்டோம்? கரைந்தது கண்ணில் படாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதைப் பிரிக்கக் காட்டுப்பள்ளியில் 2010-ல் ஆலையே கட்ட வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டு போர் தண்ணீரைப் பளிங்கு போலிருக்கிறதே என்று நானும் பல வருடம் நம்பினேன். சோதித்ததில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 1,800 மில்லிகிராம். இந்தியத் தரப்படி 500 வரை நல்லது; வேறு வழியில்லாவிட்டால்தான் 2,000 வரை.

"கொதிக்க வைத்துத்தானே குடிக்கிறோம்" என்பார்கள். கொதித்தால் கிருமி சாகும். கரைந்த உப்பு போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். நம் பாட்டிமார் பானையில் உரைத்த தேற்றாங்கொட்டையும் கலங்கலைத்தான் தெளியவைக்கும். ஈயம், குரோமியம் போன்றவை சிறிதளவு கரைந்திருந்தாலும் கெடுதல்தான். அவை நாக்குக்கும் தெரியாது. உப்பளவு காட்டும் சிறு மீட்டரும் எந்த உப்பு என்று சொல்லாது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே, கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள ஒவ்வோர் ஊராட்சியும் ஆழ்குழாய்க் கிணற்றுச் சோதனை முடிவைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பது என் கருத்து. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், கிராம சபை கூடும் நாளும்கூட. அன்று மனுவாக எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன்: எழுத்தில் கேட்டால்தான் எழுத்தில் பதில் வரும்.