எழுதியது ஊரார், விற்றது கம்பெனி!

நமது அலுவலகத்துக்கு வந்து போகும் கம்ப்யூட்டர் தொழிலாளி ஒருவர் ஒரு கேள்வி போட்டார். "தோழர், முகம் தெரியாதவர்களின் சந்தேகங்களுக்கெல்லாம் பத்து வருஷமாக இரவு கண் விழித்துப் பதில் எழுதினேன். காலணா வாங்கியதில்லை. இப்போது அவற்றைக் கம்பெனிக்காரன் விற்கிறானாம். நான் எழுதியது யார் சொத்து?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டிய கனவான்கள் மழுப்புகிறார்கள். ஆகவே விஷயத்தைப் பிட்டு வைப்போம்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் மன்றம் 2008ல் அமெரிக்காவில் துவங்கியது. கம்ப்யூட்டர் வேலையில் சிக்கிக்கொண்டவர் கேட்பார், தெரிந்தவர் சொல்வார். சொன்னவருக்குக் கூலி இல்லை. இந்தியர்கள் உட்படப் பல தேசத்துத் தொழிலாளிகள் எழுதிக் குவித்தார்கள். 2021ல் நெதர்லாந்தின் புரோசஸ் கம்பெனி இதை 180 கோடி டாலருக்கு வாங்கிற்று. மேஜை நாற்காலிக்கா இந்த விலை? ஊரார் எழுதி வைத்த பதில்களுக்கு! 2024 மே மாதம், அந்தப் பதில்களைத் தனது செயற்கை அறிவு யந்திரத்துக்குப் பயன்படுத்த ஓப்பன்ஏஐ கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டது. கொதிப்படைந்த சிலர் தாங்கள் எழுதியதைத் தாங்களே அழிக்கப் போனார்கள். அழித்தவை மறுபடி போடப்பட்டன. அழித்தவர்களுக்குத் தற்காலிகத் தடை கிடைத்தது. பெற்ற பிள்ளையைத் தூக்கவும் அனுமதி வேண்டும் என்கிற கதை!

அடுத்தது ரெட்டிட். எல்லா விஷயங்களையும் ஜனங்கள் கூடிப் பேசும் மன்றம், 2005ல் துவங்கியது. அங்கே எழுதுகிறவர்களுக்கும் சம்பளமில்லை. வசைகளையும் குப்பைகளையும் அகற்றி ஒழுங்கு காக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் சம்பளமில்லை. 2024 மார்ச்சில் அது பங்கு ஒன்று 34 டாலராகச் சந்தைக்கு வந்தது. அதற்கு முன் தாக்கல் செய்த பத்திரத்தில், ஜனங்களின் பேச்சை மற்றக் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்த ஒப்பந்தங்களின் மதிப்பு 20 கோடியே 30 லட்சம் டாலர் என்று அதுவே எழுதியது. கூகிள் மட்டும் வருஷத்துக்குச் சுமார் 6 கோடி டாலர் தருவதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. எழுதியவர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் என்ன கிடைத்தது? சலுகை! பங்குகளில் ஒரு பகுதியை அவர்களுக்காக ஒதுக்கினார்கள். சும்மா அல்ல, காசு கொடுத்து வாங்கிக் கொள்ளலாம்! ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

இது சட்டப்படி எப்படி நடக்கிறது? ஒப்பந்த ஷரத்தைப் பாருங்கள். எழுதியதன் சொந்தக்காரர் எழுதியவரே என்று முதலில் தாராளமாக ஒப்புக்கொள்கிறார்கள். அடுத்த வரியிலேயே, ராயல்டி இல்லாமல், உலகெங்கும், என்றென்றைக்கும், திரும்பப் பெற முடியாதபடி, பிறருக்கும் கொடுக்கத்தக்க உரிமையை எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். அதாவது, பட்டா உனக்கு, விளைச்சல் எனக்கு!

"கையெழுத்துப் போடச் சொல்லி யார் கட்டாயப்படுத்தினார்கள்?" என்பது அவர்கள் வாதம். படிக்கவே அரைநாள் ஆகும் பத்திரத்தின் அடியில் ஒரு பொத்தானை அழுத்துவது சம்மதமா? அதில் ஒரு சொல்லை மாற்றச் சொல்ல யாருக்கு இடம் இருந்தது?

"யந்திரங்களுக்கும் மின்சாரத்துக்கும் செலவு செய்தவர்கள் நாங்களல்லவா?" என்பது அடுத்த வாதம். செய்தீர்கள், அதற்கு விளம்பர வருமானம் வாங்கினீர்கள். களம் என்னுடையது, ஆகவே களத்தில் குவிந்த நெல்லெல்லாம் என்னுடையது என்று சொல்லும் மிராசுதாருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

"இலவசமாகக் கொடுத்ததற்கு இப்போது கூலி கேட்கலாமா?" என்பது மூன்றாவது வாதம். தண்ணீர்ப் பந்தல் வைத்தவர் வழிப்போக்கருக்குத்தான் மோர் ஊற்றினார்; பானையோடு தூக்கிப்போய் விற்பவனுக்கு அல்ல. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எழுதியவர்கள் நிபந்தனையோடுதான் கொடுத்தார்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும், அதைத் திருத்தி வெளியிடுகிறவரும் அதே உரிமையைப் பிறருக்குத் தர வேண்டும். கோடிக்கணக்கான பதில்களை அரைத்துக் குழைத்துப் பேசும் யந்திரத்தில் யார் பெயர் மிஞ்சும்?

நாம் அறிவுக்குப் பூட்டுப் போடச் சொல்லவில்லை. பூட்டுகிறவர்கள் அவர்கள்தான். 1981 முதல் 1991 வரை யூஸ்நெட் மன்றங்களில் வந்த சுமார் 20 லட்சம் கடிதங்களை டொரண்டோ பல்கலைக் கழகத்தின் விலங்கியல் துறையில் பணியாற்றிய ஹென்றி ஸ்பென்சர் 141 காந்த நாடாக்களில் பாதுகாத்தார். 2001ல் கூகிள் அவற்றையும், டேஜா கம்பெனி சேர்த்திருந்த 50 கோடிக்கு மேற்பட்ட கடிதங்களையும் பெற்றது. இலவசமாகப் படிக்க வைத்தது உண்மை. ஆனால் 2024 பிப்ரவரியில், புதிய யூஸ்நெட் கடிதங்களை இனி ஏற்பதில்லை என்று நிறுத்தியது. பொதுஜனங்களின் நினைவுப் பெட்டகத்துக்குச் சாவி ஒரு கம்பெனியின் பையில் இருக்கலாமா?

சட்டத்தால் ஒன்றும் செய்ய முடியாது என்பது பம்மாத்து. நமது 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தை 2012ல் திருத்தினார்கள். சினிமாவுக்குப் பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும், கொட்டகைக்கு வெளியே அந்தப் பாட்டு பயன்படும்போது ராயல்டியில் சமபங்கு பெறலாம். அதை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் செல்லாது. பாட்டுக்காரருக்கு வந்த நியாயம் பதில் எழுதியவருக்கு ஏன் வரக்கூடாது?

2023 ஜூனில் ரெட்டிட்டின் கட்டண விதிப்பை எதிர்த்து 8,000க்கு மேற்பட்ட குழுக்கள் கதவடைத்தன. முதலாளி பணியவில்லை. பெரும்பாலான குழுக்கள் இரண்டே நாள் என்று முன்கூட்டியே தேதி குறித்திருந்தன. இரண்டு நாள் பொறுத்தால் போதும் என்று முதலாளிக்குத் தெரியாதா? நீடித்த குழுக்களின் மேற்பார்வையாளர்களை நீக்குவோம் என்று மிரட்டினான். தனித்தனியாக நின்றவர்கள் தளர்ந்தார்கள். சங்கம் இல்லாத வேலைநிறுத்தம் என்ன ஆகும் என்பதை மில் தொழிலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே நாம் கோருவது இதுதான்: விற்பனை ஒப்பந்தங்களைப் பகிரங்கப்படுத்து! எழுதியவரின் சம்மதத்தைத் தனியாகக் கேள், மறுப்பவரை விட்டுவிடு! விற்ற பணத்தில் எழுதியவர்களுக்குப் பங்கு கொடு! பங்கை உதறிவிடச் செய்யும் ஷரத்துகள் செல்லாது என்று சட்டம் இயற்று!

கேள்வி கேட்ட தோழருக்கு நமது பதில்: நீங்கள் எழுதியது உங்களுடையது. ஆனால் தனியாக நின்று சொன்னால் அதை எவரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். உங்களைப்போல் எழுதியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். முதலில் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்!