காலம் தானாக நம்மை உயர்த்துவதில்லை

"எங்கள் காலத்தில் இவ்வளவு வசதி ஏது?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். "உங்கள் காலத்தில் ஒருவர் சம்பளத்தில் வீடு வாங்க முடிந்ததே!" என்று இளையோர் பதில் சொல்கிறோம். தலைமுறைக்குத் தலைமுறை வாழ்க்கை எளிதாகிறதா, கடினமாகிறதா என்ற இந்த வாக்குவாதம் தீபாவளி விருந்திலும் நடக்கிறது, பல்கலைக்கழக விடுதியிலும் நடக்கிறது.

பெரியவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. நாடு சுதந்திரம் பெற்ற 1957-இல் மலாயா மக்களின் சராசரி ஆயுள் 60 வயதைக்கூட எட்டவில்லை. இன்று அது 70-ஐத் தாண்டிவிட்டது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, லயத்து வீட்டில் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் பலர். தோட்டப் பள்ளியோடு படிப்பு நின்றுபோன குடும்பங்களிலிருந்து இன்று பட்டதாரிகள் வருகிறார்கள். இதை மறந்து பேசுவது நன்றி கெட்ட செயல்.

இளையோரின் கவலையும் பொய்யல்ல. பட்டம் கைக்கு வருமுன்பே பிடிபிடிஎன் கடன் தலைமேல் ஏறிவிடுகிறது. வேலை கிடைத்தாலும் பலருக்கு அது ஒப்பந்த வேலைதான். மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டு செல்லும் இளைஞருக்கு மாதச் சம்பளமும் இல்லை, சேமநிதியில் முதலாளியின் பங்கும் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் சொந்த வீடு என்பது அவருக்கு எட்டாத பேச்சு.

ஆனால், யாருக்குக் கஷ்டம் அதிகம் என்று அளந்துகொண்டிருப்பதைவிட, முன்னேற்றம் எப்படி வந்தது என்று கேட்பது பயன் தரும்.

1950-களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தார்கள். அதற்கு விடையாக 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தார்கள். சங்கம் தோட்டங்களை வாங்கியது. அன்றைய தோட்டக் கூலியில் 10 வெள்ளி சிறிய தொகையல்ல. குறைந்தபட்சச் சம்பளமும் தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகள் கேட்டுப் போராடிய பிறகே வந்தது. 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாக இருந்த அது 2025-இல் 1,700 வெள்ளியானது.

நம் தலைமுறைக்கும் இது முடியாததல்ல. மாணவர்கள் தொடங்கிய உண்டி18 இயக்கத்தின் முயற்சியால்தான் 2021 முதல் 18 வயதினருக்கு வாக்குரிமை கிடைத்துள்ளது. கிக் தொழிலாளர் மசோதா 2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதில் தங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று பகுதிநேரமாக உணவு விநியோகம் செய்யும் நம் நண்பர்களில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

அந்தச் சட்டத்தைப் படிப்போம். படித்ததை நண்பர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்வோம். சங்கம் இருந்தால் சேர்வோம், தேர்தல் வந்தால் தவறாமல் வாக்களிப்போம். நம் பிள்ளைகளும் ஒருநாள், "உங்கள் காலத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்பார்கள். பட்ட கஷ்டத்தை மட்டும் சொன்னால் அவர்களுக்கு அது போதாது.