இரும்பைத் தொடாமல் இரும்புப் படிப்பா?

பெங்களூரை அடுத்த எலகங்காவில் ரயில்வேயின் சக்கரத் தொழிற்சாலை இருக்கிறது. 1984ம் ஆண்டு திறக்கப்பட்டது. ரயில்வே பட்டறைகளில் கழித்துக்கட்டிய பழைய இரும்பை மின்சார உலையில் உருக்கி, கிராபைட் அச்சில் வார்த்து, அங்கே வண்டிச் சக்கரம் செய்கிறார்கள். வார்த்தவுடன் சக்கரம் வண்டிக்குப் போய்விடுவதில்லை. உருகிய உருக்கில் கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்று முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். வார்த்த சக்கரத்தைப் பக்குவமாகச் சூடேற்றிக் குளிர வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று அல்ட்ராசானிக் அலைகளாலும் காந்தத் துகள்களாலும் சோதிக்க வேண்டும்.

இரவு மெயிலில் மேல் பர்த்தில் படுத்து, ஜோலார்பேட்டை தாண்டியதுகூடத் தெரியாமல் தூங்குகிற பயணி இதைப்பற்றி எல்லாம் நினைப்பதில்லை. நினைக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவருக்காக அந்தக் கவலையைப் படுவதற்கென்றே உலோகவியல் படித்தவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களைத் தயார் செய்யும் கல்லூரிகளில் சோதனைக்கூடங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதுதான் இப்போது கவனிக்க வேண்டிய விஷயம்.

2025ம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய நிதி அமைச்சகம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையங்களும், மேல்பட்டப் படிப்பும் ஆராய்ச்சியும் நடத்தும் மத்திய அரசு கல்வி நிறுவனங்களும் விஞ்ஞானக் கருவிகள் வாங்குவதற்கு இருந்த கட்டுப்பாடுகள் அதில் தளர்த்தப்பட்டன. கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பு 1 லட்சம் ரூபாயிலிருந்து 2 லட்சமாகவும், கமிட்டி மூலம் வாங்கும் வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சமாகவும் உயர்ந்தது. 200 கோடி ரூபாய் வரையிலான உலக டெண்டருக்குத் துணைவேந்தரும் டைரக்டருமே அனுமதி தரலாம் என்றும் ஆயிற்று. விஞ்ஞானிகள் வெகு காலமாகக் கேட்டு வந்த சலுகை இது. வரவேற்கத்தக்கதே. ஆனால் மாணவனின் சோதனைக்கூடத்தில் உள்ள குறை இதனால் தீர்ந்துவிடுமா?

பழைய கதை

இந்தியாவில் உலோகவியல் படிப்பு தொழிற்சாலையின் நிழலில் வளர்ந்த படிப்பு. காசி இந்து சர்வகலாசாலையில் 1923ல் இத்துறை தொடங்கப்பட்டது. அதே 1923ல்தான் மைசூர் சமஸ்தானத்தின் பத்ராவதி இரும்பாலை உற்பத்தியைத் துவக்கியது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1945ல் உலோகவியல் துறை வந்தது. பின்னாளில் அணுசக்தித் துறையிலும் தும்பா விண்வெளி நிலையத்திலும் பெரும் பொறுப்புகள் வகித்த பிரம்ம பிரகாஷ், 1951ல் இந்தத் துறைக்குத் தலைவராக வந்தவர்.

ஜாம்ஷெட்பூரில் உள்ள தேசிய உலோகவியல் ஆய்வுக்கூடத்துக்கு 1946 நவம்பரில் அஸ்திவாரக்கல் நாட்டியவர் ராஜாஜி. 1950 நவம்பரில் அதைத் திறந்து வைத்தவர் பண்டித நேரு. நாட்டுக்கு உருக்கு வேண்டுமானால் உருக்கைச் சோதிக்கும் கூடமும் வேண்டும் என்று அந்தத் தலைமுறை நினைத்தது.

அதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. கன்னடத்தில் 'உக்கு' என்றும் தமிழில் 'உருக்கு' என்றும் சொல்லப்படும் தென்னாட்டு எஃகு, கடல் கடந்து 'வூட்ஸ்' என்ற பெயரில் புகழ் பெற்றது. 1819ல் லண்டனில் மைக்கேல் பாரடே அதைச் சோதித்துக் கட்டுரை எழுதினார். உருக்கு நம் ஊருடையது. அதைச் சோதித்த கூடம் லண்டனில் இருந்தது. பிற்காலத்தில் இங்கே சோதனைக்கூடங்கள் எழுந்ததன் அருமை இதிலிருந்து விளங்கும்.

இருபது பேருக்கு ஒரு சக்கரம்

உலோகவியல் மாணவன் முதலில் கற்க வேண்டிய வேலை மிக எளியது. ஒரு சிறு இரும்புத் துண்டை வெட்டி, பேக்கலைட் வில்லையில் பதித்து, முரட்டு எமரித்தாளில் தொடங்கி வரவர நைசான தாள்களில் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் துண்டைத் திசை மாற்றிப் பிடித்து, முந்தைய கீறல் மறையும்வரை தேய்க்க வேண்டும். பிறகு சுழலும் வெல்வெட் துணியில் அலுமினாப் பொடி போட்டுக் கண்ணாடிபோலப் பளபளப்பாக்கி, ஆல்கஹாலில் சிறிதளவு நைட்ரிக் அமிலம் கலந்த கரைசலில் சில விநாடிகள் காட்டிக் கழுவி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைத் திட்டுகளும் கருந்திட்டுகளும் தெரியும். கார்பன் கூடினால் கருமை கூடும். இரும்பின் ஜாதகம் அதில் எழுதியிருக்கிறது.

கைபழகாத மாணவனுக்கு இந்த வேலை செய்ய அரை மணி நேரமாவது வேண்டும். கீறல் மறையவில்லை என்றால் திரும்ப முதலிலிருந்து வர வேண்டும். இருபது மாணவர்கள் உள்ள ஒரு பிரிவுக்கு மூன்று மணி நேர வகுப்பு, ஒரே ஒரு பாலிஷ் சக்கரம் என்று வைத்துக்கொள்வோம். நூற்றெண்பது நிமிஷத்தை இருபதால் வகுத்தால் தலைக்கு ஒன்பது நிமிஷம். நான்கு சக்கரங்கள் இருந்தால் முப்பத்தாறு நிமிஷம். ஒன்பது நிமிஷத்தில் யாரும் எதையும் கற்க முடியாது. ஆகவே என்ன நடக்கிறது? ஏற்கெனவே தேய்த்து வைத்த துண்டை ஆசிரியர் மைக்ராஸ்கோப்பில் வைக்கிறார். மாணவர்கள் வரிசையில் நின்று ஒரு கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறார்கள். படத்தைப் போன வருஷத்து மாணவனின் ரிகார்டு நோட்டிலிருந்து வரைந்துகொள்கிறார்கள்.

இழுத்து முறிக்கும் இயந்திரத்திலும் இதே கதைதான். வகுப்புக்கு ஒரு கம்பி முறிகிறது. இருபது நோட்டுகளில் ஒரே எண் ஏறுகிறது. தான் முறித்த கம்பியில் வந்த எண்ணுக்கும் பக்கத்து மாணவன் முறித்த கம்பியில் வந்த எண்ணுக்கும் ஏன் வித்தியாசம் என்று யோசிக்கும்போதுதான் படிப்பு துவங்குகிறது. அந்த வாய்ப்பே பலருக்குக் கிடைப்பதில்லை.

இன்னொரு சோதனையும் உண்டு. நாலங்குல நீளம், ஓரங்குலக் கனம் உள்ள உருக்குக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, நிறுத்தி வைத்து, அடிமுனையில் மட்டும் தண்ணீரைப் பீச்சுவார்கள். ஆறிய பிறகு முனையிலிருந்து மேலே படிப்படியாகக் கடினத்தன்மையை அளப்பார்கள். எவ்வளவு ஆழம்வரை அந்த உருக்கு கெட்டிப்படும் என்பது இதில் தெரியும். கிராமத்துக் கொல்லர் அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கும் வித்தையின் கணக்கு இது. வேண்டியதெல்லாம் ஓர் உலை, ஒரு குழாய், ஒரு கடினத்தன்மை அளவி. பல கோடி ரூபாய் எதற்கும் வேண்டியதில்லை.

பெரிய இயந்திரமும் சிறிய சாமானும்

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் போன்ற பெரிய கருவிகள் வேண்டாம் என்பதல்ல இதற்குப் பொருள். 1982ல் அமெரிக்காவில் பணியாற்றிக்கொண்டிருந்த இஸ்ரேலிய விஞ்ஞானி டான் ஷெக்ட்மன், அலுமினியம்-மாங்கனீஸ் கலவை ஒன்றை இப்படிப்பட்ட கருவியில் வைத்துப் பார்த்தார். படிகங்களில் இருக்கவே முடியாது என்று கருதப்பட்ட அமைப்பைக் கண்டார். பலர் நம்பவில்லை, 2011ல் நோபல் பரிசே கிடைத்தது. அந்த வகைப் பொருள்களைப்பற்றி 1985லேயே பெங்களூர், காசி உலோகவியல் ஆராய்ச்சியாளர்கள் முன்னணியில் நின்று கட்டுரை வெளியிட்டார்கள். கருவியும் அதைக் கையாளத் தெரிந்தவர்களும் இங்கே இருந்ததால்தான் அது முடிந்தது.

சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. பெரிய இயந்திரம் வாங்குவது மூலதனச் செலவு. அதற்குத் திட்டம் உண்டு, மானியம் உண்டு, திறப்பு விழா உண்டு. மத்திய விஞ்ஞான, தொழில்நுட்பத் துறை 2000ம் ஆண்டில் ஏற்படுத்திய 'பிஸ்ட்' திட்டத்தின் கீழ் பல பல்கலைக்கழகத் துறைகள் கருவிகள் பெற்றன. ஆனால் எமரித்தாள், பாலிஷ் துணி, அமிலம், உலைக்கு மாற்றுக் கம்பிச்சுருள், வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் ஆகியவை நடைமுறைச் செலவு. இவற்றுக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. உலையில் ஒரு கம்பிச்சுருள் அறுந்தால் அந்த செமஸ்டர் முழுவதும் உலை குளிர்ந்தே கிடக்கும். ஆபீஸ் பைல் நகரும் வேகம் குமாஸ்தாக்களுக்குத் தெரியாததல்ல.

பெரிய இயந்திரத்துக்கும் வருஷா வருஷம் பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டும். ஏர்கண்டிஷன் நிற்கக்கூடாது, மின்சாரம் தடைப்படக்கூடாது, பம்பு வெற்றிடத்தைக் காக்க வேண்டும். கியாரண்டிக் காலம் முடிந்தபின் ஒப்பந்தத்துக்குப் பணம் ஒதுக்கவில்லை என்றால், கோடி ரூபாய் இயந்திரம் துணி போர்த்திய பொம்மைதான்.

வரி விஷயமும் உண்டு. அரசு ஆராய்ச்சி நிலையங்களும் பல்கலைக்கழகங்களும் வாங்கும் கருவிகளுக்கு 5 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. சலுகை, 2022 ஜூலை 18ந் தேதியிலிருந்து நீக்கப்பட்டது. பெரும்பாலான கருவிகளுக்கு அப்போது 18 சதவீதம் ஆயிற்று. கோடி ரூபாய் கருவிக்கு வரி 5 லட்சத்திலிருந்து 18 லட்சமாக ஏறினால், அந்தப் 13 லட்சம் எங்கிருந்து வரும்? மானியத் தொகை அதே அளவில் நின்றால், சிறு சாமான்களுக்கான பணத்தில்தான் கை வைப்பார்கள்.

லேப் அஸிஸ்டெண்ட் எங்கே?

எல்லாவற்றையும்விட முக்கியமான குறை ஆள் குறை. உலையைச் சரிவரப் பற்றவைத்து, அமிலத்தைச் சரியான அளவில் கலந்து, 'தம்பி, துண்டை அப்படி அழுத்தாதே' என்று பக்கத்தில் நின்று சொல்பவர் லேப் அஸிஸ்டெண்ட். புரொபசர் பாடம் நடத்துவார். கையைப் பழக்குபவர் இவர்தான். இருபது வருஷம் ஒரே கூடத்தில் இருந்தவர் ரிடயர் ஆகும்போது அவரோடு ஒரு தொழிலே வெளியே போகிறது. அந்த இடத்தை நிரப்பாமல் விடுவதும், காண்டிராக்டில் ஆள் வைத்து ஆறு மாதத்தில் மாற்றுவதும் இன்று சகஜமாகிவிட்டன. அமிலம் புழங்கும் இடத்தில் இது ஆபத்தும்கூட. கருவி வாங்கும் விதியை எத்தனை தளர்த்தினாலும் இந்தக் காலி நாற்காலி நிரம்பாது.

கம்ப்யூட்டரிலேயே சோதனையைச் செய்து காட்டலாமே என்பவர்கள் உண்டு. கொரோனா காலத்தில் கல்லூரிகள் மூடிக்கிடந்தபோது வேறு வழியில்லாமல் அப்படித்தான் நடந்தது. புரிந்துகொள்ள அது உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் திரையில் தேய்த்த துண்டில் கீறல் விழுவதில்லை. பீனியாவில் ஹீட் ட்ரீட்மெண்ட் பட்டறை நடத்துகிறவர், கியர் ஏன் பல் உடைந்தது என்று கேட்டால், உடைந்த பல்லை வெட்டித் தேய்த்துப் பார்க்கத் தெரிந்த பையன்தான் அவருக்கு வேண்டும். பெரிய கம்பெனிகள் ஒரு வருஷம் சம்பளம் கொடுத்துப் பயிற்சி தரும். சிறு பட்டறைக்காரருக்கு அந்த வசதி கிடையாது.

ஒரு நல்ல வழியும் திறந்திருக்கிறது. விலையுயர்ந்த கருவிகளைப் பல கல்லூரிகளும் பகிர்ந்துகொள்ளும் மண்டலக் கருவி மையங்கள் 1970களில் தொடங்கப்பட்டவை. 2020 ஜனவரியில் பெங்களூரில் பிரதமர் தொடங்கி வைத்த 'ஐ-ஸ்டெம்' ஏற்பாட்டில், எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி உள்ளது என்று பார்த்து, கட்டணம் செலுத்தி நேரம் கேட்கலாம். பெரிய இயந்திரத்துக்கு இதுவே சிக்கனமான வழி. ஆனால் பாலிஷ் சக்கரத்தையும் உலையையும் பகிர்ந்துகொள்ள முடியாது. அவை அந்தந்தக் கல்லூரியில் இருந்தாக வேண்டும்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

கர்நாடகத் தமிழர்களுக்கு உலோகம் அந்நியமல்ல. கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாகப் பாதாளத்தில் இறங்கியவர்களின் குடும்பங்கள், 2001 பிப்ரவரி 28ந் தேதி சுரங்கம் மூடப்பட்டபின் பெங்களூர் ரயிலை நம்பிப் பிழைக்கின்றன. பத்ராவதி ஆலையில் உழைத்தவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் உலோகவியலும், பலர் மெக்கானிக்கலும் படிக்கிறார்கள். மெக்கானிக்கல் மாணவனுக்கும் உலோகச் சோதனைப் பாடம் உண்டு என்பதை மறக்கக்கூடாது.

மற்றொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் பாதி இடங்கள் சொந்த மாநிலத்தவருக்கு. தாய்மொழி எது, பூர்வீகம் எது என்று பார்ப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு எந்த மாநிலத்தில் தேறினார் என்றே பார்க்கிறார்கள். பெங்களூரில் படித்த தமிழ்ப் பிள்ளைக்கு அந்தப் பங்கு சூரத்கல்லில்தான். திருச்சியில் அவர் வெளிமாநிலத்தவர். இரண்டு இடத்திலும் உலோகவியல் உண்டு.

கல்லூரி தேடும் பெற்றோர் கட்டடத்தையும் பஸ்ஸையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது வழக்கம். கடன் வாங்கிக் கட்டுகிறவர்களே அதிகம். அவர்கள் சோதனைக்கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லலாம். எத்தனை பேருக்கு எத்தனை பாலிஷ் சக்கரம்? உலை இப்போது சூடாகுமா? லேப் அஸிஸ்டெண்ட் நிரந்தர ஆளா? மாணவனே கம்பியை முறிக்கிறானா, வேடிக்கை பார்க்கிறானா? இரண்டாம் வருஷ மாணவன் ஒருவனைத் தனியே கூப்பிட்டு, 'நீயே தேய்த்த துண்டு எத்தனை?' என்று கேட்டாலும் போதும்.

தங்கத்தின் மாற்றுத் தெரியாமல் யாரும் நகை வாங்குவதில்லை. உரைகல்லில் உரசிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். நாலு வருஷப் படிப்புக்கும் அந்தச் சோதனை வேண்டும். அரசாங்கமும் கருவி வாங்கும் அதிகாரத்தைக் கூட்டியதோடு நிற்காமல், ஆள் நியமிக்கவும் அன்றாடச் செலவுக்கும் தனியே பணம் ஒதுக்கி, அதைச் செலவிட்டார்களா என்று வருஷந்தோறும் கணக்குக் கேட்க வேண்டும். எலகங்கா சக்கரத்தை நாளைக்குச் சோதிக்கப் போகிறவன், இன்று ஏதோ ஒரு கல்லூரியில் ஒன்பது நிமிஷத்துக்காக வரிசையில் நிற்கும் மாணவன்தான்.