நம் பிள்ளைகளுக்குச் சிக்கனம் தெரியவில்லையா? ஒரு கணக்கு வாத்தியாரின் கணக்கு

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் ஒரு பேச்சு கட்டாயம் வருகிறது. "இந்தக் காலத்துப் பசங்களுக்குக் காசோட அருமை தெரியறதில்லைங்க. நாமெல்லாம் அந்தச் சம்பளத்துல குடும்பம் நடத்தி, இடம் வாங்கி, வீடே கட்டலையா?" சொல்பவர்கள் எல்லாரும் என் வயதுக்காரர்கள், என்மேல் பிரியம் உள்ளவர்கள். ஆனாலும் இந்தப் பேச்சு சரியில்லை என்பது என் கருத்து. முப்பது வருசத்துக்கு மேல் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் என்பதால், கணக்காகவே எழுதிக் காட்டுகிறேன்.

முதலில் என் கணக்கு. 1986இல் எனக்கு எல்லாம் சேர்த்துச் சம்பளம் 1,400 ரூபாய். வெங்கடேசா காலனிப் பக்கம் ஓட்டு வீடு, வாடகை 175. அதாவது எட்டில் ஒரு பங்கு. அப்போது பவுன் 2,000 ரூபாய்க்குள்தான். ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே வைத்தால் முக்கால் பவுனுக்கு மேல் வாங்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை அகவிலைப்படி ஏறும். அவ்வப்போது ஊதியக்குழு வரும். இன்றைக்கும் மாதம் பிறந்தால் பழைய ஓய்வூதியம் வந்துவிடுகிறது. 2003 ஏப்ரலுக்குப் பிறகு அரசு வேலையில் சேர்ந்த என் மாணவர்களுக்கே அந்தப் பழைய திட்டம் கிடைக்கவில்லை. தனியார் வேலையில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இப்போது என் மாணவன் ஒருவனின் கணக்கு. பெயர் வேண்டாம். கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. மனைவி, இரண்டு குழந்தைகள். குடிப்பழக்கம் இல்லை, சிகரெட் இல்லை. அவனுடைய அனுமதியோடு எழுதுகிறேன்.

சம்பளம் 22,000. பி.எஃப். பிடித்தம் 1,800 போகக் கைக்கு வருவது 20,200.

சூளேஸ்வரன்பட்டியில் மாடி வீடு, வாடகை 7,500
வீட்டுக்காரர் வாங்கும் கரண்ட் காசு (80 யூனிட், யூனிட் 8 ரூபாய்) 640
கேஸ், மாதக் கணக்கில் 600
பால் 1,500
மளிகை 4,500
காய்கறி, பழம் 1,500
பெட்ரோல் 1,500
இரண்டு செல்போன் 600
குழந்தைகளின் பள்ளிச் செலவு, வேன் 2,000

கூட்டினால் 20,340. வரவைவிட 140 ரூபாய் அதிகம்.

இதில் மருந்து இல்லை. துணிமணி இல்லை. தீபாவளி, பொங்கல் இல்லை. சொந்தத்தில் ஒரு காதுகுத்து, சீர் என்றால் வைக்கும் மொய் இல்லை. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு அனுப்புவது இல்லை. சினிமாவும் ஓட்டலும் இல்லவே இல்லை. எங்கே இருக்கிறது ஊதாரித்தனம்? சொல்லுங்கள், அடித்துவிடலாம்.

வாடகையும் கரண்டும் மட்டும் 8,140. கைக்கு வருவதில் 40 சதம். எனக்கு எட்டில் ஒன்றாக இருந்தது, அவனுக்கு ஐந்தில் இரண்டாக இருக்கிறது. இன்னொன்று, 2025 அக்டோபரில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியது. அந்த விலைக்கு அவனுடைய முழுச் சம்பளத்தையும் வைத்தால் கால் பவுன்கூட வராது. நாங்கள் சேர்த்தோம் என்றால் சேர்ப்பதற்கு மிச்சம் இருந்தது. அவ்வளவுதான்.

மருத்துவச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ஆனது. அவன் சம்பளம் அதைத் தாண்டியபோது வீட்டில் பாயசம் வைத்தார்கள். அந்தச் சந்தா காலம் முடிந்ததும் இ.எஸ்.ஐ. நின்றுவிட்டது. 21,000 வாங்கும்போது சந்தா 0.75 சதம், அதாவது 160 ரூபாய்க்கும் கீழே. அந்தக் காசில் குடும்பத்துக்கே வைத்தியம் இருந்தது. ஆயிரம் ரூபாய் சம்பளம் ஏறியது, அந்தப் பாதுகாப்பு போயிற்று. சென்ற மழைக்காலத்தில் சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்தபோது மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று. இன்னும் திரும்பவில்லை.

"ஒருத்தனை வைத்து எல்லாரையும் சொல்லலாமா சார்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. மத்திய அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு 2022-23இல் நடந்தது. தமிழ்நாட்டு நகரங்களில் ஓர் ஆளுக்கு மாதச் செலவு சராசரி 7,630 ரூபாய். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 30,520. அதே காலத்தில் மாதச் சம்பள வேலையில் இருப்பவர்களின் சராசரி வருமானம், நாடு முழுமைக்கும் எடுத்தால், சுமார் 20,000. ஒரு சம்பளத்தில் நாலு பேர் என்றால் சராசரியாக வாழ்வதற்கே மூன்றில் ஒரு பங்கு துண்டு விழுகிறது.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் உண்டு. இந்திய நகரங்களில் குடும்பச் செலவில் வாடகையின் பங்கு 7 சதத்துக்கும் கீழே. இதைப் பார்த்துவிட்டு "வாடகை ஒரு பெரிய விசயமா?" என்று கேட்பவர்கள் உண்டு. எட்டாம் வகுப்பில் சராசரி நடத்தும்போது சொன்னது நினைவிருக்கிறதா? ஒரு வீதியில் பத்து வீடு. ஏழு பேர் சொந்த வீட்டில் இருக்கிறார்கள், வாடகை பூச்சியம். மூன்று பேர் செலவில் 30 சதம் வாடகை கொடுக்கிறார்கள். பத்துப் பேருக்கும் சராசரி 9 சதம்தான் வரும். அந்த மூன்று வீட்டிலும் மாதக் கடைசியில் என்ன பாடு என்பது அந்த 9க்குள் தெரியாது. ஆற்றைச் சராசரி ஆழம் பார்த்து இறங்கக் கூடாது என்று சொல்வேன் அல்லவா, அதுதான் இது.

அப்படியானால் இவர்கள் எப்படித்தான் ஓட்டுகிறார்கள்? ரேசன் அரிசி விலையில்லாமல் வருகிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2023 செப்டம்பரிலிருந்து தகுதி உள்ள பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். "எல்லாம் இலவசம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க" என்று நம் ஆட்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தென்னைக்குப் பேர்போன நம் ஊரிலேயே 2025 நடுவில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. வேர்வாடலும் வெள்ளை ஈயும் காய்ப்பைக் குறைத்ததால் தோப்புக்காரருக்கும் அந்த விலை முழுதாகக் கைக்கு வரவில்லை. ஆனால் நாளெல்லாம் தேங்காய் உரிப்பவர் வீட்டில் தாளிப்பது ரேசன் பாமாயிலில்தான். சம்பளம் போதாத இடத்தை இந்த உதவிகள்தான் ஒட்டுப் போட்டு வைத்திருக்கின்றன.

அதற்கும் மேல் விழும் துண்டுக்கு நகைக்கடன், சீட்டு, குழுக்கடன். வட்டி அடுத்த மாதத்துச் செலவுப் பட்டியலில் பத்தாவது வரியாக ஏறிக்கொள்கிறது.

இனி, வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் என் மாணவர்களுக்கும் உறவினர்களுக்கும். உங்களில் பலர் பொள்ளாச்சியிலும் கோவையிலும் நாலு வீடு, ஆறு வீடு வைத்திருக்கிறீர்கள். சந்தோசம், உழைத்துச் சேர்த்தது. உங்கள் கஷ்டமும் தெரியும். வங்கிக்கடன் இருக்கிறது. 2022இல் சொத்து வரி ஏறியது. வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால் யாரும் ஈடு தரமாட்டார்கள். வாடகையை மட்டும் நம்பி இருக்கும் கைம்பெண்களும் நம் சொந்தத்தில் உண்டு. வாடகையே ஏற்றாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்று விசயம் மட்டும் கேட்கிறேன்.

ஒன்று, அட்வான்ஸ். தமிழ்நாட்டில் 2017இல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அந்த விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டு பத்து மாதம் கேட்பது நியாயமா? 7,500 வாடகைக்கு 75,000. மாதம் 140 ரூபாய் துண்டு விழுகிறவன் அதற்கு எங்கே போவான்? வட்டிக்குத்தான் போவான். உங்கள் பீரோவில் சும்மா இருக்கும் பணத்துக்கு அவன் வட்டி கட்டுகிறான்.

இரண்டு, கரண்ட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016இலிருந்து நடைமுறை. என் மாணவன் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 160 யூனிட். தனி இணைப்பாக இருந்தால் 60 யூனிட்டுக்குத்தான் காசு, 300 ரூபாயைத் தாண்டாது. அவன் கொடுப்பது 1,280. ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் ஓடினால் அடுக்கு ஏறி, கட்டணம் கொஞ்சம் கூடத்தான் செய்யும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாலு மடங்கு கூடாது. பில்லைக் காட்டிப் பங்கு பிரியுங்கள். இதில் சம்பாதிக்கும் சில நூறு ரூபாயில் நாம் பங்களா கட்டப் போவதில்லை.

மூன்று, காகிதம். "அக்ரிமெண்ட் எல்லாம் எதுக்கு, வாய் வார்த்தை போதும்" என்கிறீர்கள். புதிய சட்டப்படி எழுத்து மூலமான ஒப்பந்தம் கட்டாயம், அதைப் பதிவும் செய்ய வேண்டும். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் குடியிருப்பவர் ரேசன் கார்டில் முகவரி மாற்றப் படாத பாடு படுகிறார். காகிதம் கொடுத்தால் வீடு பறிபோய்விடும் என்று பயம் வேண்டாம். ஒப்பந்தத்தில் காலமும் வாடகையும் தெளிவாக இருந்தால் அது உங்களுக்கும்தான் காவல்.

கூடவே இன்னொன்று. வீடு கேட்டு வருகிறவனிடம் முதல் கேள்வியாக "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கும் வழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி நாலு வீதி சுற்றிய பிறகு, கிடைத்த வீட்டுக்குக் கேட்ட வாடகையைக் கொடுத்த மாணவர்கள் எனக்கு உண்டு. என் வகுப்பில் எல்லாரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தீர்கள். அதை மறந்துவிடாதீர்கள்.

சம்பளம் போடும் இடத்தில் இருக்கும் மாணவர்களுக்கு: நார் மில், பம்பு கம்பெனி, பள்ளிக்கூடம் எதுவாக இருந்தாலும், வருசா வருசம் விலைவாசி அளவுக்காவது சம்பளத்தை ஏற்றுங்கள். ஏற்றாத வருசத்தில் உங்கள் ஆளின் சம்பளத்தை நீங்கள் குறைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். "ஆள் நிக்கறதில்லைங்க சார்" என்று என்னிடம் வருத்தப்படுகிறீர்கள். நிற்க வீடு வேண்டாமா, கண்ணு?

வாடகை வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது உங்களுக்கும் உண்டு. ஒரு நோட்டில் மூன்று மாதம் செலவு எழுதுங்கள். தவணையில் செல்போன் வாங்காதீர்கள். வீடு மாறும்போது வாடகையோடு பெட்ரோலையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். ஆயிரம் ரூபாய் குறைவு என்று ஊருக்கு வெளியே போய், ஆயிரத்து இருநூறுக்குப் பெட்ரோல் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். காலி செய்தால் முன்பணத்தை, பிடித்தம் போக, ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

தனி மனிதர்கள் மட்டும் இதைத் தீர்த்துவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். சிங்கப்பூரில் இருக்கும் மாணவர்கள் அறிவார்கள், அங்கே நாலில் மூன்று பேருக்கு மேல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில்தான் வாழ்கிறார்கள். நம் வீட்டு வசதி வாரியம் விற்பதற்கு வீடு கட்டியது நிறைய. 22,000 சம்பளக்காரன் 5,000 ரூபாய் வாடகைக்கு இருக்கும்படியான வீடுகளைப் பொள்ளாச்சி போன்ற ஊர்களில் கட்டினால் எவ்வளவோ மாறும். இ.எஸ்.ஐ. வரம்பையும் உயர்த்த வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இந்த இரண்டையும் கேளுங்கள்.

என் வயதுக்காரர்களுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த கல்யாணத்தில் எந்தப் பையனுக்காவது சிக்கனம் சொல்லத் தோன்றினால், முதலில் "வாடகை எவ்வளவு கண்ணு?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகும் தோன்றினால் சொல்லுங்கள்.

கணக்கில் எங்காவது பிழை தெரிந்தால் கீழே எழுதுங்கள், திருத்திவிடலாம். உங்கள் வீட்டுக் கணக்கையும் எழுதலாம், பெயர் போட விருப்பம் இல்லாதவர்கள் தனியாக அனுப்புங்கள். எல்லாரும் நல்லா இருங்க சாமிகளா.